யாரோடு பகிர்கிறோம்?

அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்து பிழைப்பவர்களுக்கு நவம்பர் பிறந்தாலே கவலையும் கூடவே பிறக்கும். அடுத்த ஆண்டுக்கான மருத்துவக் காப்பீட்டை அப்போதுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவனங்கள் தம் ஊழியர் குடும்பங்களுக்கு எடுத்துக்கொடுக்கும் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 2024-இல் 25,572 டாலர். அதில் பெரும்பங்கை முதலாளியே கட்டிவிடுகிறார். தச்சருக்கும் சிறு கடைக்காரருக்கும் பண்ணை வைத்திருப்பவருக்கும் அப்படிக் கட்ட யாரும் இல்லை. வருமானம் கூடக்கூட அரசு மானியம் தேய்ந்து மறைகிறது. முழுப் பிரீமியத்தையும் கட்டிய பிறகும், 2024-ஆம் ஆண்டு விதிப்படி, ஒருவர் தன் கையிலிருந்து 9,450 டாலர் வரை சிகிச்சைக்குச் செலவழிக்க நேரலாம்.

இப்படித் திணறும் குடும்பங்களைத் தேடி வருகிறது இன்னொரு யோசனை. காப்பீடே வேண்டாம், ஒத்த நம்பிக்கை உள்ளவர்கள் ஒன்றுசேர்ந்து ஒருவர் மருத்துவச் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வோம் என்கிறது அது. மாதாமாதம் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும். யாருக்காவது அறுவை சிகிச்சை, பிரசவம், விபத்து என்று பெரிய செலவு வந்தால் குறிப்பிட்ட தொகை வரை அவரே பார்த்துக்கொள்வார். அதற்கு மேற்பட்டதைக் குழு ஏற்கும். மாதப் பங்கு, காப்பீட்டுப் பிரீமியத்தைவிடப் பெரும்பாலும் வெகு குறைவு. சமாரிட்டன் மினிஸ்ட்ரீஸ், மெடி-ஷேர், கிறிஸ்டியன் ஹெல்த்கேர் மினிஸ்ட்ரீஸ் போன்ற அமைப்புகளில் இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பெரும்பாலானவை கிறிஸ்தவ அமைப்புகள்.

இந்த யோசனையை எள்ளி நகையாடுவது எளிது, கொண்டாடுவதும் எளிது. இரண்டுமே அதற்கு நியாயம் செய்யாது. நோய் வரும் முன்பே பலர் சேர்ந்து பணம் சேர்த்து வைப்பது மனிதர்கள் கண்ட மிகப் பழைய, மிக உயர்ந்த வழக்கங்களில் ஒன்று. அந்த வழக்கத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துப் பதிவு இருக்கிறது. அது எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை அந்தப் பதிவே சொல்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் இன்றைய பகிர்வுக் குழுக்களை எடைபோட வேண்டும்.

பெட்டியும் பூட்டும்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நெசவாளர்களும் கொல்லர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் மதுக்கடை மாடிகளில் மாதம் ஒருமுறை கூடினார்கள். ஆளுக்குச் சில பென்ஸ் போட்டார்கள். அந்தப் பணம் ஒரு மரப்பெட்டிக்குள் போனது. பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் மூன்று வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும். மூவரும் சேர்ந்து வந்தால்தான் பெட்டி திறக்கும். உறுப்பினர் படுத்த படுக்கையானால் வாரப்படி கிடைக்கும்; செத்தால் அடக்கச் செலவு கிடைக்கும். நட்புச் சங்கங்கள் என்று அழைக்கப்பட்ட இவற்றுக்கு 1793-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்ட அங்கீகாரம் தந்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே வழக்கம் வேர்விட்டது. 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தொடங்கிய சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கத்தில் கறுப்பின மக்கள் மாதம் ஒரு ஷில்லிங் செலுத்தினார்கள். நோயாளிக்கும் விதவைக்கும் அநாதைக்கும் அந்த நிதி போனது. அடிமைமுறை நிலவிய நாட்டில், எந்த அரசும் எந்த மருத்துவமனையும் தங்களை மனிதராக மதிக்காத காலத்தில், அவர்கள் தங்களுக்குத் தாங்களே அரசானார்கள். பரஸ்பர உதவியின் பெருமையை மறுக்க நினைப்பவர்கள் முதலில் இந்தச் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் பெட்டிகள் அடிக்கடி காலியாயின. இளைஞர்களாகச் சேர்ந்தவர்கள் ஒரே காலத்தில் முதியவர்களானார்கள். முதுமையில் நோய் கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் எல்லாரிடமும் ஒரே சிறு தொகை வாங்கியிருந்தார்கள். கிழவர்கள் நிறைந்த சங்கத்தில் சேர இளைஞர்கள் விரும்பவில்லை. பக்கத்துத் தெருவில் புதுச் சங்கம் தொடங்கினார்கள். பழைய சங்கத்தில் முப்பது ஆண்டு பணம் கட்டியவர் தனக்குத் தேவை வந்த நாளில் வெறும் பெட்டியைப் பார்த்து நின்றார். 1871 முதல் 1874 வரை நடந்த அரச விசாரணை ஆணையம் இந்தச் சீர்கேட்டை ஆராய்ந்தது. 1875-இல் வந்த சட்டம், சங்கங்கள் கணக்குத் தணிக்கை செய்ய வேண்டும், நிதி நிலையை அவ்வப்போது மதிப்பிட வேண்டும் என்று விதித்தது.

சங்கங்களின் நேர்மையைச் சந்தேகித்து இந்தச் சட்டம் வரவில்லை. பெரும்பாலான சங்கங்களை நடத்தியவர்கள் நேர்மையானவர்களே. நல்லெண்ணம் கணக்கை மாற்றாது என்பதைத்தான் அந்த நூற்றாண்டு கற்றது. மூன்று பூட்டு திருடனைத் தடுக்கும், முதுமையைத் தடுக்காது.

ட்ரெடகரின் பாடம்

பரஸ்பர உதவி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சிறந்த சான்று தெற்கு வேல்ஸில் இருக்கிறது. ட்ரெடகர் என்ற சுரங்க ஊரில் 1890-இல் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் அமைந்தது. கூலியில் பவுனுக்கு மூன்று பென்ஸ், அதாவது நூற்றுக்கு ஒன்றேகால் பிடிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் சங்கமே மருத்துவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. பல் மருத்துவம், மூக்குக் கண்ணாடி, மருத்துவமனைச் சிகிச்சை என்று வசதிகள் விரிந்தன. தன் உச்ச காலத்தில் ஏறத்தாழ ஊர் முழுவதும் அந்தச் சங்கத்தின் நிழலில் இருந்தது. நாவலாசிரியர் ஏ. ஜே. க்ரோனின் 1920-களின் தொடக்கத்தில் அங்கே மருத்துவராக வேலை பார்த்தார். 1937-இல் வெளியான அவருடைய 'த சிட்டாடல்' அந்த அனுபவத்திலிருந்து உருவானது.

அந்த ஊரில் 1897-இல் பிறந்து, சுரங்கத்தில் வேலை செய்து, பிறகு பாராளுமன்றம் போனவர் அனூரின் பெவன். 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கிவைத்த அமைச்சர் அவர்தான். அவர் எடுத்த முடிவு நம் விவாதத்தின் மையத்தைத் தொடுகிறது. பரஸ்பர உதவியின் மிகச் சிறந்த வடிவத்தைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர், ஊருக்கு ஊர் ட்ரெடகர் சங்கங்களை ஏற்படுத்தப் புறப்படவில்லை. வரிப்பணத்தில் எல்லாருக்கும் சிகிச்சை என்ற ஒற்றை அமைப்பைக் கட்டினார்.

அதற்கான காரணத்தை அந்தக் காலத்துச் சுரங்க மாவட்டங்களின் பொருளாதாரத்திலேயே காணலாம். ட்ரெடகரில் சங்கம் இருந்தது. எல்லா ஊரிலும் அப்படி இல்லை. சுரங்கம் மூடினால் கூலி நிற்கும். கூலி நின்றால் நிதி வற்றும். பசியும் நோயும் கூடும் நாளில்தான் அது வற்றும். ஒரே தொழிலை நம்பிய ஒரு சிறு வட்டம் தன் உள்ளே வரும் சிறு துன்பங்களைத் தாங்கும்; வட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் அடிக்கும் துன்பத்தைத் தாங்காது. பகிர்வின் பலம் அந்த வட்டத்தின் அகலத்தில் இருக்கிறது என்பதை ட்ரெடகர் தன் வெற்றியின் மூலமே காட்டிக்கொடுத்தது.

ஒரே விலை உடைந்த கதை

அமெரிக்கா வேறு பாதையில் போனது. 1929-இல் டல்லஸ் நகரின் பேலர் பல்கலைக்கழக மருத்துவமனையைக் கவனித்துவந்த ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல், கட்டப்படாத பில்களில் பள்ளி ஆசிரியர்களின் பெயர்கள் நிறைந்திருப்பதைக் கண்டார். அவர் முன்பு அந்த நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். மாதம் ஐம்பது சென்ட் கட்டுங்கள், ஆண்டில் 21 நாள் வரை மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம் என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். பிறகு நாடெங்கும் பரவிய ப்ளூ கிராஸ் திட்டங்களுக்கு இதுவே விதை.

லாப நோக்கமற்ற அந்தத் திட்டங்கள் நெடுங்காலம் ஒரு நல்ல கொள்கையைக் கடைப்பிடித்தன. ஒரு பகுதியில் சேரும் எல்லாருக்கும் ஒரே விலை. இளைஞர், முதியவர், திடமானவர், நோயாளி என்று பிரித்துக் கேட்கவில்லை. அது உண்மையான பகிர்வு. உடல்நலம் உள்ளவர் கட்டிய பணம் நோயாளிக்குப் போனது. நாளை அவரே நோயாளியானால் மற்றவர் பணம் அவருக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு கூலி உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, ஆட்களை ஈர்க்க நிறுவனங்கள் கூலிக்குப் பதில் மருத்துவக் காப்பீட்டைத் தரத் தொடங்கின. 1954-இன் வரிச் சட்டம் அதற்கு வரிவிலக்கை உறுதிசெய்தது. சந்தை பெருத்தது, வணிகக் காப்பீட்டு நிறுவனங்கள் உள்ளே நுழைந்தன. இளைஞர்கள் நிறைந்த தொழிற்சாலையிடம் போய், நீங்கள் ஏன் ஊரார் நோய்க்கெல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டும், உங்கள் ஆட்களின் நலத்துக்கேற்ற குறைந்த விலை தருகிறோம் என்றன. தொழிற்சாலை அவர்கள் பக்கம் போனது. ப்ளூ கிராஸில் மிஞ்சியவர்கள் முதியவர்களும் நோயாளிகளும். அவர்கள் செலவு கூடியது, விலை ஏறியது, விலை ஏறியதால் இன்னும் சில திடகாத்திரர்கள் வெளியேறினார்கள். கடைசியில் ப்ளூ கிராஸும் ஒரே விலைக் கொள்கையைக் கைவிட வேண்டியதாயிற்று. சந்தை கழித்துப்போட்ட முதியவர்களையும் ஏழைகளையும் 1965-இல் மெடிகேர், மெடிகெய்ட் சட்டங்கள் மூலம் அரசு ஏற்றுக்கொண்டது.

இந்த இருபது ஆண்டுக் கதையை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். நலமுள்ளவர்களை மட்டும் தனியே பிரித்து அழைத்துச்சென்றால் அவர்களுக்கு விலை குறையும். அந்தக் குறைவு மருத்துவத்தை மலிவாக்கியதால் வந்ததல்ல. நோயாளிகளை வேறு யாரோ பார்த்துக்கொள்வதால் வந்தது.

சட்டத்தின் வாசலில் ஒரு விலக்கு

இன்றைய பகிர்வுக் குழுக்களின் தொடக்கம் 1980-களின் ஆரம்பத்தில் ஓஹையோ மாநிலத்தில். விபத்தில் அடிபட்ட ஒரு போதகரின் மருத்துவச் செலவைச் சபையார் சேர்ந்து கட்டியதிலிருந்து அந்த முயற்சி பிறந்ததாக அதன் வரலாறு கூறுகிறது. 1990-களில் ஃபுளோரிடாவில் மெடி-ஷேரும் இலினாய் மாநிலத்தில் சமாரிட்டனும் தோன்றின. சமாரிட்டன் முறையில் உறுப்பினர் தன் மாதப் பங்கை நோயுற்ற இன்னொரு உறுப்பினருக்கே காசோலையாக அனுப்பினார். கூடவே ஓர் ஆறுதல் கடிதம், ஒரு பிரார்த்தனை. பிரீமியம் கட்டுபவருக்கு ஒருபோதும் கிடைக்காத அனுபவம் இது. முகமறியாத ஒருவர் தன் பெயரை எழுதி, தனக்காக வேண்டிக்கொண்டதை மருத்துவமனைப் படுக்கையில் படிப்பதன் மதிப்பை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

இந்தக் குழுக்களின் விதிகளையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும். இது காப்பீடு அல்ல என்று அவை எழுத்தில் சொல்கின்றன. செலவைத் தருவதாக எந்த ஒப்பந்த வாக்குறுதியும் இல்லை. சேருவதற்கு முன்பே இருந்த நோய்களுக்குப் பல குழுக்களில் ஆண்டுக்கணக்கில் கட்டுப்பாடு உண்டு. மனநலச் சிகிச்சை, போதைப் பழக்கத்திலிருந்து மீட்பு, திருமணத்துக்கு வெளியே நேரும் பிரசவம் ஆகியவை பலவற்றில் விலக்கப்பட்டிருக்கின்றன. புகையிலை பயன்படுத்துபவரைச் சேர்க்காத குழுக்கள் உண்டு. ஒரு மாதம் வந்த தேவைகள் வந்த பங்குகளைவிடக் கூடிப்போனால், இருப்பதை விகிதப்படி பிரித்துக் கொடுக்கும் முறையும் உண்டு. குறைந்துபோன பாக்கியை நோயாளியே சுமக்க வேண்டியிருக்கும்.

2010-இல் ஒபாமாகேர் என்று பெயர்பெற்ற சட்டம் வந்தது. நோயைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது, நோயாளியிடம் கூடுதல் விலை வாங்கக் கூடாது என்று அது காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது; 2014 முதல் அந்த விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. எல்லாரும் காப்பீடு எடுக்க வேண்டும், எடுக்காதவர் அபராதம் கட்ட வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் 1999 டிசம்பர் 31 முதல் தொடர்ந்து இயங்கும் பகிர்வு அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு அபராதத்திலிருந்து விலக்கு கொடுத்தது. மத உணர்வை மதித்துத் திறந்த சிறு வாசல் அது. அந்த வாசல் வழியாக லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். 2019-இல் அபராதமே பூஜ்யமாக்கப்பட்ட பிறகும் கூட்டம் கரையவில்லை.

காரணம் பக்தி மட்டுமல்ல, விலை. அந்த விலை எப்படிக் குறைந்தது என்று பார்த்தால் ப்ளூ கிராஸ் கதை திரும்பி வருவது தெரியும். நீரிழிவும் புற்றுநோயும் உள்ளவர் ஏற்கெனவே இருக்கும் நோய் விதியைப் பார்த்துவிட்டு, அந்தச் சட்டத்தின் கீழ் காப்பீடு விற்கும் ஒபாமாகேர் சந்தைக்குப் போகிறார். அங்கே அவரை மறுக்க முடியாது. குழுவில் இருக்கும்போதே தீராத நோய் பிடித்தவரும் அடுத்த நவம்பரில் அங்கேயே போய்ச் சேரலாம். இவ்விதம் பகிர்வுக் குழுவின் விலை தாழ்ந்தே இருக்கிறது. சந்தையில் இருப்பவர்களின் பிரீமியம் ஏறுகிறது. காப்பீட்டுக்கு மாற்று என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் ஏற்பாடு, கடைசிப் புகலிடமாக அந்தக் காப்பீட்டையே நம்பி நிற்கிறது. எல்லாரும் பகிர்வுக் குழுவுக்கு மாறிவிட்டால் நோயாளி எங்கே போவார்? இந்தக் கேள்விக்கு அந்தக் குழுக்களின் விதிப்புத்தகத்தில் பதில் இல்லை.

யாரிடம் கேட்பது?

நம் ஊர் மொய் நோட்டை நினைத்துக்கொண்டால் சிறு வட்டத்தில் பகிர்வு எப்படி நிற்கிறது என்பது விளங்கும். எழுதிய மொய்யைத் திருப்பிச் செய்யாதவர் மீது யாரும் வழக்குப் போடுவதில்லை. ஆனாலும் அது திரும்பி வருகிறது. வராவிட்டால் அடுத்த விசேஷத்தில் அவர் நிமிர்ந்து உட்கார முடியாது. ஊர் முழுவதும் சாட்சி. ஐம்பது மாநிலங்களில் சிதறிக் கிடக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படிப்பட்ட சாட்சி யார்? நீதிமன்றமும் ஒழுங்குமுறை ஆணையமும்தான். அந்த இரண்டும் தங்களுக்குப் பொருந்தாது என்பதுதான் இந்தக் குழுக்களின் சட்ட நிலைப்பாடு.

கென்டக்கியில் 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம் மெடி-ஷேர் நடத்துவது காப்பீடே என்று தீர்ப்பளித்தது. 2013-இல் மாநிலச் சட்டமன்றம் அதற்குத் தனி விலக்கு கொடுத்துச் சட்டம் இயற்றியது. ஏறத்தாழ முப்பது மாநிலங்களில் இதுபோன்ற விலக்குச் சட்டங்கள் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கட்டாயமாக இருப்பில் வைக்க வேண்டும். அது நொடித்துப்போனால் காப்பீடு எடுத்தவரைக் காக்க மாநில உத்தரவாத நிதி உண்டு. உரிமை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. பகிர்வுக் குழு உறுப்பினருக்கு இவை எதையும் சட்டம் உறுதிசெய்வதில்லை.

இதன் விலை என்ன என்பதை ஜார்ஜியாவைச் சேர்ந்த அலியரா நிறுவனத்தின் கதை காட்டியது. ஒரு பகிர்வு அமைப்பின் பெயரை முன்னிறுத்தி, லாப நோக்குள்ள அந்த நிறுவனம் நாடெங்கும் ஏஜென்டுகள் மூலம் ஆள் சேர்த்தது. 2019 முதல் பல மாநிலங்கள் நடவடிக்கை எடுத்தன. பின்னர் ஷேரிட்டி என்று பெயர் மாறிய அந்தப் பகிர்வு அமைப்பு 2021 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. உறுப்பினர்கள் கட்டிய ஒவ்வொரு டாலரிலும் மருத்துவச் செலவுக்குப் போனது 16 சென்ட் அளவுக்கே குறைந்திருந்தது என்று கலிஃபோர்னியா அரசு 2022-இல் தொடுத்த வழக்கில் குறிப்பிட்டது. தனிநபர் காப்பீட்டில் டாலருக்கு 80 சென்ட்டாவது சிகிச்சைக்கும் அதன் தரத்துக்கும் செலவாக வேண்டும் என்பது ஒபாமாகேர் விதி. பெரிய பில்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற குடும்பங்களுக்கு எந்த உத்தரவாத நிதியும் கைகொடுக்கவில்லை.

எல்லாக் குழுக்களும் இப்படி என்று சொல்வது அநியாயம். பல குழுக்கள் பல பத்தாண்டுகளாக உறுப்பினர்களின் பெரும் செலவுகளை நேர்மையாகக் கட்டிவருகின்றன. நன்றி மறவாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் நேர்மையான குழுவையும் ஏமாற்றும் குழுவையும் முன்கூட்டியே பிரித்தறிய உறுப்பினருக்கு எந்த வழியும் இல்லாத ஏற்பாட்டில், நேர்மையானவர்களின் நற்பெயரே ஏமாற்றுபவர்களின் மூலதனமாகிவிடுகிறது. நல்ல குழுக்கள் கணக்குத் திறப்பைத் தாங்களே கோரியிருக்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனங்கள் மீதும் கேள்வி இருக்கிறது. 2023-இல் ஒபாமாகேர் சந்தைத் திட்டங்கள் தம் ஒப்பந்த வலைக்குள் இருக்கும் மருத்துவர்கள், மருத்துவமனைகளிடமிருந்து வந்த பில்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை மறுத்தன. பிரீமியம் கட்டியும் கடனாளியானவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பகிர்வுக் குழுவுக்கு ஆட்களைக் கொண்டுவந்து கொட்டியவர்கள் காப்பீட்டு நிறுவனங்கள்தான். ஒன்று மட்டும் வேறு: காப்பீடு மறுத்தால் மறுத்ததற்குக் கணக்கு இருக்கிறது, அந்த எண்ணிக்கையை ஊர் அறிகிறது, வழக்குப் போட வாசல் இருக்கிறது.

ஆமிஷ் மக்கள் காட்டும் அளவுகோல்

காப்பீடே இல்லாமல் பகிர்ந்து வாழும் சமூகம் உண்மையில் எப்படி இருக்கும் என்று அறிய பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் மாவட்டத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தினர் மத நம்பிக்கையால் வணிகக் காப்பீட்டைத் தவிர்க்கிறார்கள். 1965-இல் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்தும் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. சபை நிதி, உதவித் திட்டங்கள், பொது ஏலங்கள் மூலம் ஒருவர் மருத்துவச் செலவை எல்லாரும் சுமக்கிறார்கள். மருத்துவமனைகளோடு சமூகமாகப் பேசி விலையைக் குறைக்கிறார்கள். உடனே பணம் கட்டுகிறார்கள்.

சிறு எண்ணிக்கையிலான முன்னோர்களிலிருந்து பெருகிய அந்தச் சமூகத்தில் அரிய மரபணு நோய்களோடு குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களுக்காக ஹோம்ஸ் மார்ட்டன் என்ற மருத்துவர் 1989-இல் ஸ்ட்ராஸ்பர்க் அருகே தொடங்கிய சிறப்பு மருத்துவமனையின் செலவில் ஒரு பங்கை ஆமிஷ் மக்களும் அவர்களுக்கு நெருங்கிய மெனோனைட் சபையினரும் நடத்தும் ஏலங்கள் தாங்குகின்றன. தைத்த போர்வைகளும் செய்த மரச்சாமான்களும் ஏலத்துக்கு வருகின்றன.

இதைப் பகிர்வுக் குழுக்களின் வெற்றிச் சான்றாகச் சொல்பவர்கள் முக்கியமானதைப் பார்க்கத் தவறுகிறார்கள். ஆமிஷ் குழந்தை நோயோடு பிறந்தால், ஏற்கெனவே இருக்கும் நோய் என்று அதன் பெயர் நீக்கப்படுவதில்லை. அந்த வட்டத்துக்குள் பிறந்தவர் எல்லாரும் உள்ளே. அதிகச் செலவு வைப்பவர்களும் உள்ளே. நம்பிக்கைப் படிவத்தில் கையெழுத்து வாங்கி ஆள் சேர்க்கும் குழுவுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஆமிஷ் மக்கள் செய்வது ட்ரெடகர் செய்தது. விதிகளைக் கொண்டு நோயாளியைத் தள்ளிவைக்கும் குழு செய்வது 1950-களின் வணிகக் காப்பீடு செய்தது. மொழி மட்டும் சபையின் மொழி.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

பகிர்வுக் குழுக்களிடமிருந்து கற்க வேண்டியவை உண்டு. அவர்கள் விலை கேட்கிறார்கள். மருத்துவமனையின் அச்சிட்ட விலைப்பட்டியலை வேதவாக்காக ஏற்காமல் பேரம் பேசுகிறார்கள். பல நேரங்களில் ரொக்கமாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் விலை காப்பீட்டு நிறுவனம் பேசிவைத்த விலையைவிடக் குறைவாக இருக்கிறது. மருத்துவமனைகள் தம் விலைகளை வெளியிட வேண்டும் என்று 2021-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி, இந்தப் பழக்கத்தை எல்லாருக்கும் சாத்தியமாக்குவதற்கான முதல் அடி. நோயாளியை எண்ணாகப் பார்க்காமல் மனிதராகப் பார்க்கும் அவர்களுடைய கடிதங்களும் கற்கத் தக்கவை. காப்பீடு எடுத்தவரின் கைக்காசுச் சுமையைத் தாங்கிக்கொள்ளும் துணை ஏற்பாடாக இந்தக் குழுக்கள் மாறினால் பெரிய நன்மை செய்ய முடியும்.

காப்பீட்டின் இடத்தில் உட்கார விரும்பும் குழு, காப்பீட்டின் கடமைகளையும் ஏற்க வேண்டும். உறுப்பினர் எத்தனை, வசூல் எவ்வளவு, கட்டிய தொகை எவ்வளவு, மறுத்தது எவ்வளவு, ஏஜென்டுக்குப் போன கமிஷன் எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கொலராடோ 2022-இல் இயற்றிய சட்டம் இந்தத் திசையில் நடக்கிறது. மற்ற மாநிலங்களும் பின்தொடர வேண்டும். கட்டாய இருப்பு நிதியும் சுதந்திரமான மேல்முறையீடும் வேண்டும். இவற்றைக் கேட்பது மத சுதந்திரத்தில் தலையிடுவது ஆகாது. 1875-இன் பிரிட்டிஷ் சட்டம் நட்புச் சங்கங்களைக் கொல்லவில்லை, நெடுங்காலம் வாழவைத்தது.

குடும்ப வரவு செலவை வைத்து முடிவெடுக்கும் தனிமனிதருக்கு வரலாறு மூன்று கேள்விகளைக் கொடுத்திருக்கிறது. இந்த வட்டத்துக்குள் யாருக்கு இடமில்லை? எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தேவை வந்தால் பணம் எங்கிருந்து வரும்? தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பேன்? மாதப் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை இவற்றுக்குப் பிறகு கேட்கலாம். இன்று நலமாக இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு மூன்றாவது கேள்வி அவசியமற்றதாகத் தோன்றும். ஆனால் காப்பீட்டை நாம் வாங்குவது இன்றைய உடலுக்காக அல்ல. இன்னும் வராத நோய்க்காக. அந்த நாளில் நாமும் வட்டத்துக்கு வெளியே தள்ளப்படக் கூடியவர்களாக இருப்போம்.

பிரிட்டன் தன் சுரங்க ஊர்களிலிருந்து அறிந்ததும், அமெரிக்கா ப்ளூ கிராஸின் வீழ்ச்சியிலிருந்து அறிந்திருக்க வேண்டியதும் ஒன்றே. நோயின் சுமையை எல்லார் மீதும் பரப்பினால்தான் ஒவ்வொருவர் பங்கும் தாங்கக் கூடியதாக இருக்கும். அதிலிருந்து நலமுள்ளவர்கள் விலகும் உரிமை பெற்றால் சுமை நோயாளிகள் மீதே திரும்ப விழும். அதனால்தான் இந்தப் பிரச்சினையைத் தீர்த்த நாடுகள் எல்லாரையும் சட்டத்தால் உள்ளே கொண்டுவந்தன. அன்பு இல்லாததால் அவை சட்டத்தை நாடவில்லை. அண்டை வீட்டாரிடம் மட்டும் செல்லுபடியாகும் அன்பை முகமறியாதவருக்கும் செல்லுபடியாக்கச் சட்டம் தேவைப்பட்டது. அமெரிக்கச் சபைகளில் மாதம்தோறும் காசோலையோடு பிரார்த்தனை எழுதி அனுப்பும் நல்லவர்கள், தங்கள் குழு ஏற்க மறுத்த நோயாளிக்கும் சிகிச்சை உறுதியாகும் சட்டத்துக்காக அதே ஊக்கத்தோடு குரல்கொடுக்க வேண்டும். அவர்கள் நம்பும் பகிர்வு அப்போதுதான் முழுமையடையும்.